எடுத்துக்கிடுங்க அக்கா

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை ஒரு மின்னஞ்சலில் அவளுடைய முழுப் பெயரையும் எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். அந்த ஒருமுறை போதும்.

நான் கார் வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அவள் வேலை பார்த்தாள். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் கையில் டேப்லெட்டோடு வருவார்களே, சுற்றிவந்து கீறல்களைக் குறித்துக்கொண்டு, என்ன வேலை செய்யவேண்டும், எவ்வளவு ஆகும் என்று சொல்வார்களே, அந்த வேலை. சட்டையில் ‘சர்வீஸ் அட்வைசர்’ என்று ஒரு வில்லை குத்தியிருக்கும். அவளுடையது எப்போதும் கோணலாகவே இருந்தது. ஒல்லியான உயரமான பெண். சிரித்தால் வாயை மூடிக்கொள்ள மாட்டாள், மூக்கை மூடிக்கொள்வாள். மதியச் சோற்றைக் காலை பத்து மணிக்கே சாப்பிட்டுவிடுவாள். “பொறவு யாரு விடுவாங்க? ரெண்டு மணிக்குத் தொறந்தா மீன்கறி எனக்கு முன்னால கெட்டுப் போயிருக்கும்” என்பாள்.

முதல் சர்வீஸுக்கு நான் பயந்துகொண்டுதான் போனேன். கணவருக்குக் கொச்சியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். ஸ்ரீவராகத்திலிருந்து கழக்கூட்டத்து ஆபீசுக்குப் பஸ்ஸில் போய்வந்து அலுத்துப்போய், நாற்பது வயதில் ஓட்டப் பழகி வாங்கிய வண்டி அது. பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் மலையாளத்தில் ஆரம்பித்தாள்.

“மேடம், ஏசி ட்ரீட்மென்ட் செய்யாம், எஞ்சின் கோட்டிங் செய்யாம், இன்டீரியர் க்ளீனிங் கூடெ செய்தால் ஒரு ஆஃபர் உண்டு.”

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் வீட்டிலிருந்து மாமியாரின் ஃபோன் வந்தது. “ஆமாம்மா, வந்துடறேன். குழந்தைக்கு மோருஞ்சாதம் பிசைஞ்சு குடுத்துடுங்கோ” என்று சொல்லி வைத்தேன். நிமிர்ந்தபோது அவள் டேப்லெட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தாள். ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு உதடு அதிகம் அசையாமல் தமிழில் சொன்னாள்.

“அக்கா, இது ஒண்ணும் இப்பம் வேண்டாம், கேட்டியளா. புது வண்டியாக்கும். சும்மா பாத்துட்டு விடுவாங்க, அவ்வளவுதான். நான் இப்பம் திரும்பக் கேப்பேன், நீங்க வேண்டாம்னு சொல்லிருங்க.”

டேப்லெட்டை நிமிர்த்தினாள். குரலும் நிமிர்ந்தது. “அப்போ மேடம், ஏசி ட்ரீட்மென்ட் செய்யட்டே?”

“வேண்டா.”

“ஷரி மேடம். அடுத்த தவண நோக்காம்.”

பாறசாலைக்கும் அந்தப் பக்கம், இரண்டு மாநில எல்லையை ஒட்டி அவள் வீடு. வீட்டிலும் சர்ச்சிலும் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். கணவன் கல் குவாரி லாரி ஓட்டினான். ஒரே மகள், அப்போது ஒன்றாம் வகுப்பு. தினமும் ரயிலில் வந்து போவாள். இதெல்லாம் ஒரே நாளில் தெரிந்துகொண்டதில்லை. வண்டி உள்ளே போய்த் திரும்பி வருவதற்குள் கிடைக்கும் அரைமணி நேரங்களில், மூன்று நான்கு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது.

எனக்குச் சீக்கிரமே கணக்கு பிடிபட்டுவிட்டது. ‘மேடம்’ என்று அழைத்து மலையாளத்தில் சொன்னால் அது கம்பெனி சொல்வது. ‘அக்கா’ என்று தமிழில் சொன்னால் அது அவள் சொல்வது. வேண்டாம் என்று மட்டும்தான் சொல்வாள் என்றில்லை. வண்டிக்கு அடியில் துருப் பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு உண்டு. அதையும் தள்ளிவிடலாம் என்று நான் நினைத்தபோது, “இது போட்டுக்கிடுங்க. சங்குமுகம் பக்கம் அடிக்கடி போறீங்கல்லா, கடக்காத்து இரும்பத் தின்னும்” என்றாள். போட்டுக்கொண்டேன். அவள் சொன்னால் நான் மறுபடி கேட்டதில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்வது அவளுக்கு ஒரு கொள்கை என்று நான் நினைக்கவில்லை. வேறு மாதிரி அவளுக்குச் சொல்ல வராது, அவ்வளவுதான். ஒருமுறை அவள் அம்மா ஃபோனில் அழைத்து எங்கே வருகிறாய் என்று கேட்டாள். யாராக இருந்தாலும் ‘வந்துட்டே இருக்கேன்’ என்றுதான் சொல்வோம். இவள், “இன்னும் வேலையில இருந்து எறங்கல்ல. எப்பம் எறங்குவேன்னும் தெரியாது” என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து திட்டு விழுந்தது எனக்கே கேட்டது. மகளுக்கு ஊசி போடக் கூட்டிப்போனபோது குழந்தை, “வலிக்குமா அம்மா?” என்று கேட்டதாம். “வலிக்கும். நல்லா வலிக்கும். அழணும்னா அழுதுக்கோ” என்றாளாம். நர்ஸ் அவளை முறைத்ததையும் சொல்லி மூக்கை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“ஏன்டி இப்படி? ஒரு சின்ன பொய் சொன்னா என்ன?” என்றேன்.

“சொல்லிப் பாத்துருக்கேன் அக்கா. பொய் சொன்னா எனக்கு வயித்தால போவும். சத்தியமாக்கும்.”

நான் சிரித்தேன். ஆனால் அவளுடைய தங்கை கதையைக் கேட்டபோது சிரிக்க முடியவில்லை. தங்கைக்கு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து நல்ல இடம் வந்தது. எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா இவளைத் தனியாகக் கூப்பிட்டு, “பெண்ணுக்கு நோய் நொடி ஒண்ணும் இல்லியே?” என்று ஒப்புக்குக் கேட்டாள். சிறுவயதில் தங்கைக்கு இரண்டு முறை வலிப்பு வந்து, மாத்திரை சாப்பிட்டு, பத்து வருஷமாக ஒன்றுமில்லை. இவள் அதைச் சொல்லிவிட்டாள். அவர்கள் திரும்பி வரவில்லை.

“தங்கச்சி ஒண்ணரை வருசமா எங்கிட்டப் பேசல்ல” என்றாள். “சர்ச்சுல நான் ஒரு பெஞ்சு, அவ வேற பெஞ்சு.”

“உனக்கு வருத்தமில்லையா?”

“இருக்கு. அவ அழுததப் பாத்தேன்லா. ஆனா அந்த அம்மா எனக்க மூஞ்சியப் பாத்துக் கேட்டுட்டாங்க. நான் என்ன செய்யட்டும்?”

எனக்கு அன்று அவள்மேல் கொஞ்சம் பயம் வந்தது. இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியிலேயே அதை மறந்துவிட்டேன். என் வண்டி விஷயத்தில் அவள் அப்படி இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

எல்லோரும் என்னைப்போல நன்றியோடு இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருநாள் என் கண்முன்னாலேயே நடந்தது. ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், ஊருக்குள்ளேயே கோயிலுக்கும் மருந்துக் கடைக்கும் மட்டும் ஓட்டுகிறவர், ஐந்து வருஷத்துக்கான சர்வீஸ் பிளானை எடுக்கவேண்டும் என்று வந்தார். முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் அத்தனை வருஷத்துக்கும் ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் அதில் அடங்கிவிடும். இவள் மெதுவாக அவரிடம், “சார் இத்ர கொறச்சல்லே ஓடிக்குன்னது, சாரினு இது நஷ்டமாணு” என்றாள். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் பழைய சட்டையைப் பார்த்துப் பணம் கட்டமாட்டார் என்று முடிவு செய்துவிட்டாளா என்று சத்தம்போட்டார். மேலாளர் ஓடிவந்து அவரைச் சமாதானப்படுத்தி, பிளானையும் விற்று, காபியும் கொடுத்து அனுப்பினார். பிறகு அவர் இவளை ஒரு பார்வை பார்த்தார். இவள் தலையைக் குனிந்துகொண்டு என் பில்லை அடித்தாள்.

அந்த மேலாளர் புதிதாக வந்தவர். அவர் வந்த பிறகு அட்வைசர்களின் மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை வந்தது. யார் எத்தனை பிளான் விற்றார்கள் என்று வாராவாரம் அதில் எழுதுவார்கள். நான் போகும்போதெல்லாம் அவள் பெயர் கடைசியில் இருந்தது.

அதற்கு நானும் ஒரு காரணம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆபீசில் யார் கார் வாங்கினாலும், “அங்கே எனக்கு ஆள் உண்டு, அவள்ட்ட போங்கோ. தமிழ்ல பேசுங்கோ, உள்ளதைச் சொல்லிடுவா” என்று பெருமையாகச் சொல்வேன். திருநெல்வேலி, நாகர்கோவில் பிள்ளைகள் ஐந்தாறு பேர் போனார்கள். எல்லோரிடமும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள்.

என் வண்டியின் முதல் மூன்று வருஷம் முடிந்தபோது என்னையும் பிளான் எடுக்கச் சொன்னார்கள். ஃபோனில் தினம் ஒருத்தர் கூப்பிட்டார். கணவரிடம் கேட்டேன். “கூலியெல்லாம் ஏறிண்டே போறது, ஒரேயடியா கட்டிட்டா நிம்மதி. ஆனா நாம அத்தனை ஓட்டறோமான்னு பாரு. உன் ஆள்ட்டயே கேட்டுடேன்” என்றார். அப்போது வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. வண்டி பாதி நாள் வாசலில்தான் நின்றது. வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அவள் மலையாளத்தில் முழுப் பாடத்தையும் ஒப்பித்தாள். மேலாளர் நாலடி தள்ளி நின்றிருந்தார். “ஈ ப்ளான் எடுத்தால் மேடத்தினு பின்னெ ஒரு டென்ஷனும் இல்லா” என்று முடித்தாள். மேலாளர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு உள்ளே போனார். நான் காத்திருந்தேன். அவள் டேப்லெட்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“அவர் போயாச்சு. நீ சொல்லுடி. எடுக்கட்டுமா, வேண்டாமா?”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே கழுவிக்கொண்டிருந்த ஒரு வண்டியைப் பார்த்தாள்.

“எடுத்துக்கிடுங்க அக்கா.”

“பிரேக், க்ளட்ச்சு எல்லாம் இதுல வந்துடுமா?”

“வரும்.”

திரையில் விரலால் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. தமிழில் சொல்லியாகிவிட்டதே, பிறகென்ன படிப்பது? வழக்கமாக வாசல்வரை வந்து வழியனுப்புவாள். அன்று வரவில்லை. வேலை அதிகம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு சர்வீஸ் வந்தது. பிளான் எடுத்தவர்களுக்கு வீட்டுக்கே டிரைவரை அனுப்பி வண்டியை எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். நான் அன்று ஒரு மீட்டிங்கில் இருந்தேன். அவளிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன. சர்வீஸ் எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்கிற அழைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். டிரைவர் கொடுத்த காகிதங்களை அப்படியே டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலைக்குப் போனோம். கணவர் அந்த வாரம் வரவில்லை. நான், மாமியார், மகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது நாலைந்து வளைவு தாண்டியதும் சக்கரத்திலிருந்து தகரத்தை உரசுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

“ஏதோ பொசுங்கற நாத்தம் அடிக்கறதேடி” என்றார் மாமியார்.

பிரேக்கை மிதித்தேன். கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. அடுத்த வளைவில் இன்னும் ஆழமாகப் போனது. எதிரே ஒரு ஜீப் ஹார்னடித்துக்கொண்டு ஏறி வந்தது. இரண்டாவது கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்ததில், மலைப்பக்கத்துச் சுவரை ஒட்டி வண்டி கிட்டத்தட்ட உரசிக்கொண்டே நின்றது. மகள் பின்சீட்டில் அழவில்லை. “அம்மா, நின்னுட்டோமா?” என்று மட்டும் கேட்டாள்.

ஜீப்காரர் இறங்கி வந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். “சேச்சி, இதில் பிரேக் பேட் எவிடெ? இரும்பும் இரும்புமாணு உரயுன்னது.” அவரே எங்களைக் கீழே கொண்டுவிட்டார். வண்டி மறுநாள் லாரியில் ஏறி சர்வீஸ் சென்டருக்குப் போனது.

திங்கட்கிழமை காலையில் நானும் அங்கே போய் நின்றேன். அவள் வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு. அவளுக்கு அடுத்த மேஜைக்காரன் பொறுமையாக விளக்கினான். பிரேக் பேட், க்ளட்ச், வைப்பர், டயர் எல்லாம் தேய்மானச் சாமான்கள். பிளானில் சேராது. நான் கையெழுத்திட்ட தாளிலேயே அது இருந்தது. போன சர்வீஸில் கொடுத்த காகிதத்தையும் என் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்தே எடுத்துக் காட்டினான். ‘முன் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, உடனே மாற்றவும், தனிக் கட்டணம்’ என்று அதில் பேனாவால் எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தது.

தப்பு நம் பக்கமும் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வருகிற கோபத்துக்கு ஒரு தனிக் கொதிப்பு உண்டு. நேராக ஆபீசுக்குப் போய், பையைக்கூடக் கீழே வைக்காமல், அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். மகளும் மாமியாரும் நானும் சாகப் பார்த்ததை எழுதினேன். பிளானில் பிரேக்கும் சேரும் என்று சொல்லி விற்றவள் யார் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மலையில் என் கால் ஆழத்துக்குப் போனபோது எனக்கு நினைவு வந்தது அவள் முகம்தான். அவள் தமிழில் சொன்னாளே என்பதுதான். அதனால் இதையும் எழுதினேன்: “உங்கள் இதே ஊழியர், நீங்கள் பரிந்துரைக்கும் வேலைகள் தேவையற்றவை என்று இத்தனை வருஷமாக என்னிடம் ரகசியமாகச் சொல்லிவந்தார். இப்போது அவரே இந்தப் பிளானை எடுக்கச் சொன்னார். இவற்றில் எது உங்கள் கம்பெனியின் கருத்து என்று தெரிவிக்கவும்.” எந்தெந்த சர்வீஸில் எதையெதை வேண்டாம் என்றாள் என்று உதாரணமும் கொடுத்தேன். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டுமுறை படித்துப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மேலாளரே அழைத்தார். பிளான் பணம் முழுதும் திரும்பி வந்துவிடும், பிரேக் வேலைக்கும் கட்டணமில்லை. “ஆ ஸ்டாஃபின்றெ மேல் ஆக்‌ஷன் எடுத்திட்டுண்டு மேடம்” என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அன்று மாலை கணவரிடம் ஜெயித்தவள்போலத்தான் சொன்னேன்.

வண்டியை எடுக்கப் போனபோது அவள் நாற்காலியில் வேறு ஒரு பெண் இருந்தாள். அடுத்த மேஜைக்காரனிடம் கேட்டேன். அவன் மேலாளரின் அறைக் கதவைப் பார்த்துவிட்டு, மலையாளத்திலேயே தாழ்ந்த குரலில் சொன்னான். பிளானை அப்படி இப்படிச் சொல்லி விற்றதற்காக இங்கே யாரையும் வேலையைவிட்டு அனுப்ப மாட்டார்கள், எச்சரித்து விடுவார்கள். வாடிக்கையாளரிடம் வேலை வேண்டாம் என்று சொன்னாளே, மேடம் உதாரணத்தோடு எழுதியிருந்தீர்களே, அதற்குத்தான்.

அவளை ஃபோனில் அழைத்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பிறகு அழைக்க எனக்குத் தைரியமில்லை.

ஐந்து மாதம் கழித்து அவளே அழைத்தாள். “அக்கா, ஒரு காரியம் கேக்கணும். நேருல வரட்டா?” கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் மாலை நாலு மணிக்குச் சந்தித்தோம். இன்னும் மெலிந்திருந்தாள். சீருடை இல்லாமல் அவளை நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. மஞ்சள் சுடிதார். பாறசாலையில் ஒரு துணிக்கடையில் நிற்பதாகச் சொன்னாள். நாள் முழுக்க உட்கார விடமாட்டார்களாம்.

“என்மேல் கோபமா?” என்றேன். இல்லை என்பாள் என்று ஏனோ எதிர்பார்த்தேன்.

“ஆமா. நல்ல கோபம் உண்டு” என்றாள். டீயை ஆற்றிக் குடித்தாள். “எனக்க மேலயும் உண்டு. அண்ணைக்கு ஒங்ககிட்டச் சொன்னது பொய்யாக்கும். அந்த மாசமும் போர்டுல கடைசியா வந்தா வேலைக்கு நிக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்க லாரியும் ஓடல்ல அப்பம். நீங்க வேற ‘நீ சொல்லுடி’ன்னு கேட்டுட்டீங்க.”

‘அவங்க’ என்றது கணவனை.

“என்கிட்ட அதைச் சொல்லியிருக்கலாமேடி. தெரிஞ்சே எடுத்திருப்பேனே.”

“சொல்லத்தான் விளிச்சேன். அந்த சர்வீஸ் அண்ணைக்கு ரெண்டு மட்டம் விளிச்சேன்லா? பேட் தேஞ்சு போச்சு, அது பிளான்ல வராது, நான் பொய் சொல்லிட்டேன், காசு நான் தாறேன் மாத்திருங்கன்னு சொல்லத்தான். நீங்க எடுக்கல்ல. பொறவு பேப்பர்ல எழுதி அடியில கோடு போட்டு விட்டேன்.”

டீக்கடைக்காரர் சில்லறை கேட்டது இரண்டாம் முறைதான் எனக்குக் கேட்டது.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். இரண்டு கம்பெனிகளில் நேர்முகத்துக்குப் போனாளாம். இரண்டிலும் பழைய இடத்தில் விசாரிக்கிறார்கள், என் மின்னஞ்சலைப் பற்றி அங்கிருந்து சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது. நான் ஒரு கடிதம் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். என்ன எழுதவேண்டும் என்று அவளே ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அந்த ஊழியர் எந்த வேலையையும் வேண்டாம் என்று என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை, நான் தவறாகப் புரிந்துகொண்டு கோபத்தில் எழுதிவிட்டேன் என்று இருந்தது.

“இது பொய்யாச்சேடி” என்றேன்.

“பொய்யாக்கும்” என்றாள். “முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவேன். ஒங்கள ஒண்ணும் நெனைக்க மாட்டேன்னு சொல்ல மாட்டேன். நெனைப்பேன்.”

“உனக்குச் சம்மதமா இது?”

“மொவளுக்கு ஸ்கூல் மாத்தியாச்சு. பழைய ஸ்கூல்ல கட்ட முடியல்ல. அவளுக்கு அது பிடிக்கல்ல, டெய்லி அழுகா. எனக்குச் சம்மதமான்னு கேக்காதீங்க.”

அங்கேயே ஒரு கடையில் வெள்ளைத் தாள் வாங்கி, காரின் பானெட்மேல் வைத்து எழுதினேன். என் பெயர், வண்டி எண், கையெழுத்து. அவள் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் ‘எனக்கு நினைவிருக்கும்வரை’ என்று நான் சேர்த்திருந்தேன். அதை எடுத்துவிட்டு வேறு தாளில் எழுதித் தரச் சொன்னாள். “சந்தேகம் போல இருக்கு” என்றாள். மறுபடி எழுதினேன். வீடுவரை கொண்டுவிடுகிறேன் என்றேன், கேட்கவில்லை. தாளை மடிக்காமல், கசங்காமல் பிடித்துக்கொண்டு பாறசாலை பஸ்ஸில் ஏறினாள்.

பத்து நாள் கழித்து அந்த மூன்றாவது கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். நான் ஆபீஸ் வராந்தாவில் நின்று பேசினேன். ஈ லெட்டர் மேடம் தன்னெ எழுதியதாணோ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுதியதெல்லாம் உண்மைதானா என்றாள். உண்மைதான் என்றேன். குரல் தடுமாறவில்லை. வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“ஒரு காரியம் கூடெ மேடம். ஆ குட்டியெ விஸ்வசிக்காமோ?”

அந்தப் பெண்ணை நம்பலாமா என்கிறாள். இந்தக் கேள்விக்கு நான் எதுவும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. “நம்பலாம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு மலையாளத்தில் திருப்பிச் சொன்னேன். தேவைக்கு மேல் உரக்கச் சொன்னேன் போலிருக்கிறது, வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாதம் பிறந்து இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது. “வேலை கிடைச்சு. நேத்து சேந்தாச்சு.” எனக்கு மனசு லேசாகிவிட்டது. “ரொம்ப சந்தோஷம்டி. அடுத்த சர்வீஸுக்கு வண்டியை உன்கிட்டயே கொண்டு வரேன்” என்று பதில் போட்டேன். அவள் உடனே பார்த்துவிட்டாள். பதில் வர ஒரு மணி நேரம் ஆனது.

“வேண்டாம் அக்கா. நீங்க வந்து முன்னால நின்னா எனக்குப் பேச வராது. வேற எடம் பாத்துக்கிடுங்க.”

அவள் புதிதாகச் சேர்ந்த அந்த சர்வீஸ் சென்டர் நான் கழக்கூட்டத்துக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. வாசலில் அட்வைசர்கள் வரிசையாக நின்று வருகிற வண்டிகளைக் கைகாட்டி உள்ளே அழைப்பார்கள். அவளும் அவர்களில் நிற்பாளாக இருக்கும். அந்த இடம் வரும்போது நான் வலப்பக்கத் தடத்துக்கு மாறிக்கொள்கிறேன்.